பெயரும் மதிப்பும்

திருவண்ணாமலையில், விடியற்காலையில் கிழக்கு ராஜகோபுரத்தின் வழியே உள்ளே நுழைந்து பிராகாரம் சுற்றி வருகிறவர்களில் பெரும்பாலோர், அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மனையும் தரிசித்து, விபூதி இட்டுக்கொண்டு, கிரிவலத்துக்கோ வீட்டுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். சுவர்களின் அடிப்பகுதியில், எண்ணெய்ப் பிசுக்கும் விபூதிப் பூச்சும் படிந்து, முழங்கால் உயரத்திலும் இடுப்புயரத்திலும் ஓடுகின்ற எழுத்து வரிகளின் முன் நின்று குனிந்து பார்ப்பவர் வெகு சிலர். கணினிக்கு நிரல் எழுதுவதையும், இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிப்பதையும் ஜீவனோபாயமாகக் கொண்ட நான், அந்தச் சிலரில் ஒருவனானது பக்தியினால் மாத்திரம் அன்று. பெயர் ஒன்றைச் சொல்லி, அதற்குரிய மதிப்பை அதே மூச்சில் சொல்லி, அது எதுவரை செல்லும் என்பதையும் சொல்லி முடிக்கிற ஒரு பழைய ஒழுங்கை அந்தச் சுவர்களில் நான் கண்டேன். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் மாறிகளை அறிவிக்கும் முறையின் சரித்திரத்தை மாணாக்கர்க்கு விளக்கும்போதெல்லாம், என் மனம் அந்தக் கல் வரிகளுக்கே திரும்பிச் செல்கிறது.

கல்வெட்டின் அமைப்பு யாவரும் அறிந்ததே. ஸ்வஸ்திஸ்ரீ என்னும் மங்கலச் சொல் முதலில் வரும். அதன்பின் அரசன் பெயர், அவன் ஆட்சியின் யாண்டு, நாட்டின் பெயர், ஊரின் பெயர், தேவரின் பெயர், தானம் கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், அதன் அளவு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது நடக்கவேண்டும் என்னும் ஆணை, இறுதியில் இதைக் காக்கும் பொறுப்பு மாகேசுவரர்க்கு என்னும் வாசகம். நிறுத்தக்குறி ஏதுமின்றி ஒரே வாக்கியமாக ஓடும் இந்த வரியில், யாண்டு என்றால் எந்த யாண்டு, விளக்கு என்றால் எத்தனை விளக்கு, நெய் என்றால் எத்தனை உழக்கு என்று, ஒவ்வொரு பெயரும் தோன்றிய மாத்திரத்திலேயே தன் மதிப்பைப் பெற்றுவிடுகிறது. எழுதியவர்கள் கணக்கர்களும் ஊர்ச் சபையாரும். தமக்குப்பின் நூறு தலைமுறை கழித்து வருகிறவன் தம்மைக் கேட்டுத் தெளிவுபெற முடியாது என்பதை உணர்ந்தே எழுதினார்கள்.

அப்படி எழுதியும் ஓரிடத்தில் அவர்களுடைய முறை நம்மைத் திகைக்கவைக்கிறது. சோழ மன்னர்கள் பட்டமேறும்போது ராஜகேசரி, பரகேசரி என்னும் இரண்டு விருதுப் பெயர்களை ஒருவர்பின் ஒருவராக மாறிமாறித் தரித்துக்கொண்டார்கள். விஜயாலயன் பரகேசரி, அவன் மகன் ஆதித்தன் ராஜகேசரி, அவன் மகன் முதற் பராந்தகன் மறுபடியும் பரகேசரி, முதலாம் ராஜராஜன் ராஜகேசரி, அவன் மகன் ராஜேந்திரன் பரகேசரி. ஆகவே, கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு ஐந்தாவது என்று மாத்திரம் ஒரு கல் சொன்னால், அது எந்தப் பரகேசரி, எந்த ஐந்தாவது யாண்டு என்பது அந்தக் கல்லை வெட்டிய காலத்து மனிதர்க்கு ஐயமின்றித் தெரிந்திருக்கும். நமக்கு அது எழுத்தின் வடிவத்தையும், உடன் வரும் அதிகாரிகளின் பெயர்களையும், நாள் நட்சத்திரக் குறிப்பையும் கொண்டு வழக்காடித் தீர்க்கவேண்டிய விவாதமாகிவிடுகிறது. பராந்தகன் பாண்டிய நாட்டை வென்றபின் மதுரை கொண்ட என்னும் அடைமொழி சேர்ந்தது ஆராய்ச்சியாளர்க்குப் பெரும் உபகாரமாயிற்று. 985இல் பட்டமேறிய ராஜராஜன் காலத்திலிருந்து மெய்க்கீர்த்தி என்னும் நீண்ட முன்னுரை நிலைபெற்ற பின்னரே இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்தது. ஒரே பெயரை இருவர் தாங்கும்போது, அந்தப் பெயர் யாருடைய எல்லைக்குள் வழங்குகிறது என்பதைச் சொல்லாவிடில் மதிப்பு சிதறிப்போகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் எந்தக் கணினிப் புஸ்தகத்திலும் கண்டதில்லை.

எல்லையைச் சொல்லும் கலையிலோ அவர்கள் நிகரற்றவர்கள். நிலதானம் என்றால் கீழ்பாற்கெல்லை இன்னது, தென்பாற்கெல்லை இன்னது, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை இன்னின்னவை என்று வாய்க்காலையும் வரப்பையும் மரத்தையும் பேர் சொல்லி, இவ்விசைத்த பெருநான்கெல்லைக்குள் அகப்பட்ட நிலம் என்று முடிப்பார்கள். இன்றைய நிரலாளன் நெளிவு அடைப்புக்குறி இரண்டைப் போட்டு, இதற்குள் பிறந்த பெயர் இதற்குள்ளேயே வழங்கும் என்று வரையறுக்கிறானே, அது இந்த நான்கெல்லையே.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். சோழ மண்டலத்திலும் தொண்டை மண்டலத்திலும் நொந்தாவிளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து கணக்கை நிரப்பும் என்னும் நம்பிக்கையில், அந்த மந்தைக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயரிட்டார்கள். மந்தைக்குள் ஆடுகள் மாறிக்கொண்டே இருக்கும்; மந்தை மாறாது, விளக்கு மாறாது, உழக்கு மாறாது. மாறுகின்ற பொருள்களைக் கொண்டு மாறாத ஒரு பெயரை நிலைநிறுத்திய இந்த யுக்தியைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

கல்லிலே கண்ட பெயர்களுக்கெல்லாம் மதிப்பு தெரிந்திருந்தது. மதிப்பு இன்னும் தெரியாத பொருளுக்கு முதலிலேயே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, பிறகு அதன் மதிப்பைத் தேடிச் செல்வது வேறொரு சாகசம். அதற்கும் நம் தேசம் புதிதல்ல. 628இல் பிரம்ம ஸ்புட சித்தாந்தத்தை இயற்றிய பிரம்மகுப்தர், அறியப்படாத அளவுகளை வர்ணங்கள் என்று வழங்கினார். 1150இல் பீஜகணிதம் எழுதிய இரண்டாம் பாஸ்கரர், முதல் அவ்யக்தத்துக்கு (அறியப்படாத அளவுக்கு) யாவத்தாவத், அதாவது எவ்வளவோ அவ்வளவு என்று பெயர் சொல்லி, இரண்டாவதற்குக் காளகம், மூன்றாவதற்கு நீலகம், பின் பீதகம், லோஹிதகம் என்று நிறங்களின் பெயர்களை வரிசையாக வழங்கி, எழுதும்போது யா, கா, நீ, பீ, லோ என்னும் முதலெழுத்துகளால் குறித்தார். ஓர் அவ்யக்தமுள்ள கணக்குக்கு ஏகவர்ண சமீகரணம் என்றும், பலவுள்ள கணக்குக்கு அநேகவர்ண சமீகரணம் என்றும் அவர் தனித்தனியே அதிகாரம் வகுத்திருப்பதைப் படிக்கும்போது, கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்புக் கிண்ணங்களை ஒருவர் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, இவற்றுள் என்ன விழப்போகிறது என்று காத்திருக்கும் காட்சி என் கண்முன் வருகிறது. ஐரோப்பாவில் 1637இல் தேக்கார்த் என்னும் பிரெஞ்சு தத்துவஞானி, அறிந்தவற்றுக்கு அகரவரிசையின் முதல் எழுத்துகளையும் அறியாதவற்றுக்கு எக்ஸ், ஒய், இஸட் என்னும் கடைசி எழுத்துகளையும் வழங்கியதே நம் பள்ளிக்கூடங்களில் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

நம் தமிழ்க் கணிதப் பாடநூல்களில் இந்த இடத்தில் ஒரு சிறு சொல் வரும்: என்க. தேவையான எண் எக்ஸ் என்க என்று தொடங்கும் அந்த வியங்கோள், கட்டளையும் வேண்டுகோளும் கலந்த ஒரு தொனியில், இல்லாத ஒன்றை இருப்பதாக ஏற்றுக்கொள்ளும்படி நம்மை அழைக்கிறது. ஆங்கிலக் கணிதத்தில் அதே வேலையைச் செய்யும் லெட் என்னும் சொல்லை, 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியில் எடுத்து வைத்தார்கள். அச்சொல் அங்கிருந்து ஐம்பது வருஷம் கழித்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்து சேரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

இடையில் நடந்தவற்றைச் சுருக்கியே சொல்கிறேன். 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் பெயரை அறிவிக்கவே வேண்டியதில்லை. ஐ முதல் என் வரையுள்ள ஆறு எழுத்துகளில் ஒன்றால் தொடங்கும் பெயர் முழு எண்ணுக்குரியது, மற்றவை தசம எண்ணுக்குரியவை என்று இயந்திரமே அனுமானித்துக்கொள்ளும். எழுத்துப்பிழையால் பிறக்கிற ஒரு பெயரும் அந்த அனுமானத்தில் உயிர்பெற்று நின்றுவிடும் என்பது அதன் ஆபத்து. 1960இல் வந்த ஆல்கால், பெயரை முதலில் அறிவித்துவிட்டே பயன்படுத்தவேண்டும் என்று விதித்து, ஒரே வகையான பல பெயர்களைக் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் அறிவிக்கும் வழக்கத்தையும் தந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி வடித்த சி மொழி, அந்த வரியிலேயே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சமக்குறியிட்டுத் தொடக்க மதிப்பையும் கொடுத்துவிடும் எளிய பிரயோகத்தை உலகெங்கும் பரப்பியது.

1995 மே மாதத்தில், கலிபோர்னியாவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை இயற்றினார். மோக்கா என்றும், பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் பெயர் வழங்கி, அவ்வருஷம் டிசம்பர் 4ஆம் தேதி ஜாவாஸ்கிரிப்ட் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட அம்மொழி, தோற்றத்தில் ஜாவாவையும் சி மொழியையும் ஒத்திருந்தது. பெயர் அறிவிப்பதற்கு வார் என்னும் ஒரே சொல்லை மாத்திரம் கொண்டிருந்தது. வார் இலை = 100, குடம் = 6, பந்தி; என்று எழுதினால் மூன்று பெயர்கள் பிறக்கும்; முதல் இரண்டும் மதிப்போடு பிறக்கும்; மூன்றாவது, வரையறுக்கப்படாதது என்னும் ஒரு விசேஷ மதிப்போடு காத்திருக்கும். (இயந்திரத்துக்கு எழுதும்போது வார் என்னும் கட்டளைச் சொல் ரோமன் எழுத்தில் இருக்கவேண்டும், பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். இம்மொழியின் தரநிர்ணய நூலின் மூன்றாம் பதிப்பு 1999இல் வெளியான காலத்திலிருந்தே இது தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்றுக்கொள்கிறது. இதை அறியாத தமிழ் நிரலாளர் இன்னும் பலர் இருப்பது எனக்கு வருத்தம் தருவது.)

அவசரத்தில் பிறந்த மொழியாதலால் அந்த வார் என்னும் சொல்லில் இரண்டு பலவீனங்கள் தங்கிவிட்டன. ஒன்று, அதற்கு நான்கெல்லை கிடையாது. ஒரு சிறு தொகுதிக்குள் அறிவித்த பெயர், அத்தொகுதியின் அடைப்புக்குறியைத் தாண்டி, அதை உள்ளடக்கிய செயற்கூறு (ஃபங்ஷன்) முழுவதும் வழங்கும். மற்றொன்று, எந்த வரியில் அறிவித்தாலும், பெயர் மாத்திரம் செயற்கூற்றின் தலைக்கு ஏற்றப்பட்டு, மதிப்பு பழைய இடத்திலேயே நின்றுவிடும்; ஆகையால் பெயர் உண்டு, மதிப்பு இல்லை என்னும் ஓர் இடைவெளி சத்தமில்லாமல் உண்டாகிறது. இதனால்தான் டக்ளஸ் கிராக்ஃபோர்டு போன்ற ஆசிரியர்கள், செயற்கூற்றின் தலைவாசலில் ஒரே ஒரு வார் எழுதி, வேண்டிய பெயர்களையெல்லாம் காற்புள்ளிகளால் கோத்து அங்கேயே சொல்லிவிடுங்கள் என்று போதித்தார்கள். ஒரு தலைமுறை நிரலாளர் அப்படியே எழுதினோம். நீண்ட அந்தக் காற்புள்ளி வரிசையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால், அடுத்த வரி அறிவிப்பாகத் தொடர முடியாததைக் கண்ட இயந்திரம் தானே அங்கே ஓர் அரைப்புள்ளியை இட்டுக்கொண்டு, மீதிப் பெயர்களையெல்லாம் உலகப் பொதுப் பெயர்களாக வெளியே விட்டுவிடும் என்பதை அனுபவத்தால் கற்றோம். அந்தப் பயத்தினால் காற்புள்ளியை வரியின் இறுதியில் வைக்காமல், அடுத்த வரியின் முதலில் நெற்றிப் பொட்டுப்போல் வைத்து எழுதினவர்களும் உண்டு.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க மனமில்லை. சில வருஷங்களுக்கு முன், தீபத் திருநாளன்று எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்திய அன்னதானத்தில், எத்தனை பந்தி நடந்தது, எத்தனை இலை விழுந்தது என்பதைக் கைப்பேசியில் எண்ணுவதற்கு ஒரு சிறு நிரலை நான் எழுதிக் கொடுத்தேன். நாள் முழுவதுக்குமான பந்திக் கணக்கை மேலே ஒரு பெயராக வைத்திருந்தேன். ஒரு பந்தியின் இலைகளை எண்ணும் செயற்கூற்றுக்குள், இரண்டு புதிய பெயர்களைப் பூஜ்யத்தில் தொடங்க நினைத்து, வாருக்குப் பின்னர் வந்த லெட் என்னும் சொல்லால், லெட் இலை = பந்தி = 0; என்று ஒரே சங்கிலியாக எழுதிவிட்டேன். அந்த வாக்கியத்தில் லெட் என்னும் சொல் இலைக்கு மாத்திரமே உரியது. பந்தி அங்கே புதிதாகப் பிறக்கவில்லை. வெளியே இருந்த பழைய பந்தியின் மீதே பூஜ்யம் ஏறியது. பிற்பகல் மூன்று மணிக்கு, சாதம் வடித்துக்கொண்டிருந்த பெரியவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்து, "என்ன தம்பி, காலையிலேர்ந்து ஒரு பந்திதான் நடந்திருக்குன்னு சொல்லுதே?" என்று கேட்டார். அரிசி மூட்டைகளை எண்ணித்தான் கணக்கை மீட்டோம். லெட் இலை = 0, பந்தி = 0; என்று இடையில் ஒரு பூஜ்யமும் ஒரு காற்புள்ளியும் வைத்து எழுதியிருந்தால் இரண்டும் உள்ளேயே பிறந்து உள்ளேயே அடங்கியிருக்கும்.

2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு, கண்டிப்பு முறை ஒன்றை ஏற்படுத்தி, அறிவிக்காத பெயருக்கு மதிப்பிடுவதைப் பிழையென்று தடுத்தது. 2015 ஜூனில் வந்த ஆறாம் பதிப்புதான் பெரிய சீர்திருத்தம். அதில் லெட் வந்தது, கான்ஸ்ட் வந்தது. லெட்டுக்கு அடைப்புக்குறியே நான்கெல்லை; அறிவிக்கும் வரிக்கு முன்னதாகப் பெயரைத் தொட்டால் இயந்திரம் மௌனமாக வரையறுக்கப்படாதது என்று சொல்லாமல், பிழையென்று உரக்கச் சொல்லி நின்றுவிடும். கான்ஸ்ட்டோ கல்வெட்டின் குணத்தை அப்படியே உடையது: மதிப்பைச் சொல்லாமல் பெயரை மாத்திரம் சொன்னால் அதை அது ஏற்பதே இல்லை, ஒருமுறை இட்ட மதிப்பை மறுபடி இட அனுமதிப்பதும் இல்லை. ஆயினும் கான்ஸ்ட் என்று அறிவித்த ஒரு பட்டியலுக்குள் உறுப்புகளைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். பெயர் அந்தப் பட்டியலைவிட்டு வேறொன்றுக்குப் போகாது என்பதே உறுதி. இதை மாணாக்கர்க்கு விளக்கும்போது நான் சாவா மூவாப் பேராட்டைத்தான் சொல்வேன். ஆடுகள் மாறும், மந்தை மாறாது என்றவுடன் அவர்கள் புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

ஆறாம் பதிப்பு வந்த பின்னர், ஒரே அறிவிப்பில் பல பெயர்களைக் கோப்பதைவிட, ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி, தனிச் சொல், தனி மதிப்பு என்று எழுதுவதே பெருவழக்காகிவிட்டது. அதுவே நன்று என்பது என் அபிப்பிராயம்; ஒரு பெயரை நீக்கவோ சேர்க்கவோ நேர்ந்தால் அண்டை வரியைத் தொடவேண்டியதில்லை. ஒன்றோடொன்று உறவுள்ள பெயர்களுக்கு அதே பதிப்பு தந்த மற்றொரு அழகிய வசதியும் உண்டு: இடப்பக்கம் பெயர்களைச் சதுர அடைப்புக்குள் வரிசையாக வைத்து, வலப்பக்கம் மதிப்புகளை அதே வரிசையில் வைத்தால், பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவதுபோல் அவையவை தத்தமக்குரியதைப் பெற்றுக்கொள்ளும். இரண்டு பெயர்களின் மதிப்பை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள மூன்றாவது பாத்திரம் ஒன்றைத் தேடவேண்டிய பழைய சிரமமும் இதனால் தீர்ந்தது.

சங்கிலித் தொடராக மதிப்பிடுவதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதை விளக்க இவ்வூருக்கு வாய்த்த உவமை வேறெந்த ஊருக்கும் வாய்க்காது. கார்த்திகைத் தீபத்தன்று விடியற்காலை நான்கு மணியளவில் சந்நிதியில் பரணி தீபம் ஏற்றுகிறார்கள்; ஒரு சுடரிலிருந்து ஐந்து அகல்கள் ஏற்றப்படுகின்றன; ஏகன் அநேகனாகிறான் என்பது அதன் தாத்பரியம். ஒரு சுடரிலிருந்து ஐந்தை ஏற்றியபின் ஒவ்வோர் அகலும் தனிச் சுடர். ஒன்று அணைந்தால் மற்றொன்று அணையாது. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணையோ சொல்லையோ பல பெயர்களுக்கு ஒரே சங்கிலியில் வழங்கினால் நிகழ்வது இதுவே. ஆனால் ஒரு பட்டியலை அவ்விதம் வழங்கினால் கதை வேறு: மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் எரிகிற அந்த ஒரே கொப்பரைத் தீபத்தை, போளூர்ப் பாதையிலிருந்தும் செங்கம் பாதையிலிருந்தும் பார்ப்பவர்கள் வேறு வேறு திசைகளில் காண்பதுபோல, ஐந்து பெயர்களும் ஒரே பட்டியலைத்தான் நோக்கி நிற்கும். கொப்பரையில் ஒருவர் நெய் வார்த்தால் எல்லாத் திசையிலும் சுடர் உயரும். தனித்தனிப் பட்டியல் வேண்டுமென்றால் தனித்தனி அகல்தான் வைக்கவேண்டும்.

2018இல் தமிழக அரசு பதினொன்றாம் வகுப்புக்குப் புதிதாக வெளியிட்ட கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஜாவாஸ்கிரிப்ட்டும் இடம்பெற்றது. மாறி, மாறிலி, செயற்கூறு என்னும் சொற்களைக் கொண்டு தமிழ்வழியில் இதைப் படிக்கிற பிள்ளைகள் இவ்வூர் அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அப்படிப் படிக்கிற ஒரு பெண்ணையும் அவளுடைய தோழியரையும் சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அழைத்துச் சென்று, சுவர் எழுத்துகளைக் காட்டினேன். எழுத்துகளை முழுவதும் படிக்க என்னாலேயே இயலாது; யாண்டு என்பதையும் விளக்கு என்பதையும் சில எண் குறிகளையும் இனம் காட்ட முடிந்தது. ஓரிடத்தில், திருப்பணியின்போது இடம் மாற்றிவைக்கப்பட்டதுபோல் தோன்றிய ஒரு கல்லில், வரி விளக்கு என்னும் சொல்வரை வந்து, அதன்பின் பக்கத்துத் தூணின் சுதைக்குள் மறைந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து, வரி மறைந்த இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"விளக்குன்னு பேர் இருக்கு சார். எத்தனைங்கறது தூணுக்குள்ள இருக்கு," என்றாள்.